விளம்பரத்தில் 91, ஒப்பந்தத்தில் 110: ஒரு புதிய பிக்கப் டிரக்கின் விலை ஏறிய கதை

என் மைத்துனன் வேலைக்காக ஒரு புதிய பிக்கப் டிரக் வாங்கப் போனான். விளம்பரத்தில் பார்த்த விலை ஒன்று, கையெழுத்துக்கு நீட்டிய தாளில் இருந்த விலை வேறொன்று. கையெழுத்துப் போடாமல் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். நான் கொள்முதல் பிரிவில் வேலை பார்ப்பவன், கொட்டேஷனைப் பிரித்துப் படிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் அந்தத் தாளை இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பிரித்தோம். எந்த வரி எதற்காக இருந்தது, எதை எதிர்த்துப் பேசினோம், எதை விட்டுக்கொடுத்தோம், எந்த விலைக்கு முடிந்தது என்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். டீலரின் பெயர் வேண்டாம், இந்த வித்தைகள் ஒரு டீலருக்கு மட்டும் சொந்தமானவை இல்லை.

படிப்பவர்கள் பல நாடுகளில் இருப்பீர்கள், காசும் வரியும் வேறு வேறு. எனவே உற்பத்தியாளரின் பட்டியல் விலையை 100 என்று வைத்து மற்ற எல்லாத் தொகைகளையும் அதே அளவில் மாற்றியிருக்கிறேன். அரசுக்குப் போகும் வரியும் பதிவுக் கட்டணமும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றின் விகிதத்தை டீலர் தீர்மானிப்பதில்லை, அதைப் பற்றி அவரிடம் பேசியும் பயனில்லை.

விளம்பரத்தில் 91. ஷோரூமில் கொடுத்த முதல் தாளில் 104.2. கடன் மேசையைத் தாண்டி வந்தபோது 110. கடைசியில் நாங்கள் வேறு டீலரிடம் வாங்கியது 99.9க்கு.

91 எங்கிருந்து வந்தது

விளம்பரப் படத்தில் இருந்தது நான்கு சக்கர இயக்கம், பெரிய அலாய் சக்கரங்கள் எல்லாம் கொண்ட உச்ச வகை. அதன் கீழே போட்டிருந்த விலை அடிப்படை வகைக்கு. இது பழைய தந்திரம், இவன் கேட்டதும் அடிப்படை வகையைத்தான் என்பதால் இதில் அடி விழவில்லை. ஆனால் டிரக்கில் இதை அலட்சியமாக விடக்கூடாது. காரில் வகை மாறினால் பெரும்பாலும் இருக்கையும் திரையும் மாறும், டிரக்கில் எஞ்சின், கியர் விகிதம், சஸ்பென்ஷன், இழுவைக்கான அமைப்பு எல்லாமே மாறலாம். "இவ்வளவு எடை இழுக்கும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது ஒரு வகைக்கும், பக்கத்தில் போட்டிருக்கும் விலை இன்னொரு வகைக்கும் உரியதாக இருப்பது சர்வ சாதாரணம்.

91 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதன் விளக்கம் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில். பெரிதாக்கிப் படித்தால் இப்படி:

பட்டியல் விலை 100
டீலர் தள்ளுபடி 3
பழைய வண்டியைக் கொடுத்தால் 2
எங்கள் மூலம் கடன் எடுத்தால் 2.5
ஏற்கெனவே இதே நிறுவனத்தின் வண்டி வைத்திருந்தால் 1.5

எல்லாம் கழித்தால் 91. கூட்டல் கழித்தலில் தவறே இல்லை. ஆனால் அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது: பழைய வண்டிக்கான தள்ளுபடியையும் பழைய வாடிக்கையாளர் தள்ளுபடியையும் ஒருவரே சேர்த்துப் பெற முடியாது. அதாவது 91க்கு இந்த வண்டியை வாங்கத் தகுதியுள்ள ஒரு மனிதர்கூட உலகத்தில் கிடையாது. விளம்பரம் கொடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா என்ன.

மைத்துனனிடம் கொடுக்கப் பழைய வண்டி இல்லை, அந்த நிறுவனத்தின் வண்டி எதையும் அவன் வைத்திருந்ததும் இல்லை. ஆக அவனுக்கு உரியது டீலர் தள்ளுபடி 3 மட்டும், டீலர் மூலம் கடன் எடுத்தால் கூட ஒரு 2.5. அவனுடைய கணக்கு 97இலிருந்தோ 94.5இலிருந்தோதான் தொடங்க வேண்டும்.

போவதற்கு முன் அவன் ஃபோனில் கேட்டிருக்கிறான், "இந்த விலை இன்னும் இருக்கா?" என்று. "இருக்கு சார், நேர்ல வாங்க" என்றார்கள். பொய்யில்லை, அந்த விளம்பரம் இருக்கத்தான் செய்தது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: பழைய வண்டி கொடுக்காத, முதல் முறையாக இந்த நிறுவனத்திடம் வாங்குகிற, கடனை வெளியே வங்கியில் எடுத்து வருகிற ஒருவர் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே போக மொத்தம் எவ்வளவு? இப்படிக் கேட்டால் "நேர்ல வாங்க" என்று மட்டும் சொல்பவரையும் தொகை சொல்பவரையும் அந்த ஃபோனிலேயே பிரித்துவிடலாம்.

முதல் தாள்

ஷோரூமில் கொடுத்த தாள் 94.5இல் தொடங்கியது, டீலர் கடன் எடுப்பான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு. அதன் மேல் போக்குவரத்து 3.2, ஆவணம் மற்றும் கையாளும் கட்டணம் 1.1, பாதுகாப்புத் தொகுப்பு 5.4. மொத்தம் 104.2.

போக்குவரத்துச் செலவு உண்மையான செலவுதான். தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு வண்டி தானாக வராது. என் புகார், அதை விளம்பர விலைக்கு வெளியே வைத்ததைப் பற்றி. வாங்குபவர் யாராக இருந்தாலும் தவிர்க்க முடியாத செலவு என்றால் அது விலையின் ஒரு பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 ஜூலையில் இதே கேள்வியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஜெர்மனியில் ஒரு சிட்ரோயன் விளம்பரத்தில் வண்டி விலையை ஓரிடத்திலும், தொழிற்சாலையிலிருந்து டீலருக்குக் கொண்டுவரும் செலவைத் தனியாகவும் போட்டிருந்தார்கள். வாங்குபவர் கட்டாயம் கட்ட வேண்டிய அந்தச் செலவு விற்பனை விலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இவனுடைய விளம்பரத்தில் அந்த 3.2 பற்றி ஒரு சொல்கூட இல்லை, நட்சத்திரக் குறிக்குக் கீழேயும் இல்லை.

கையாளும் கட்டணம் 1.1. இது என்ன வேலைக்கு என்று கேட்டால் "ஃபைல் தயார் பண்றது சார்" என்றார்கள். ஒரு கடை தன் பொருளுக்கு ரசீது எழுத என்னிடம் காசு கேட்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் இந்த வரியை நீக்க வைப்பது கடினம், எல்லோருக்கும் ஒரே தொகைதான் வாங்குகிறோம் என்பார்கள், அது பல நேரங்களில் உண்மையும்கூட. இதில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே அளவு தள்ளுபடியை வண்டி விலையில் கேளுங்கள், அவருடைய வரி அப்படியே இருக்கட்டும், உங்கள் மொத்தம் இறங்கினால் போதும்.

பாதுகாப்புத் தொகுப்பு 5.4. இங்கேதான் லாபம் கொழிக்கிறது, எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டதும் விற்பனையாளருக்கு முகம் மாறியதாம். கொடுத்த பட்டியல்: அடிப்பகுதிப் பூச்சு, பெயிண்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு, கண்ணாடியில் சேஸிஸ் எண் பொறித்தல், டயருக்கு நைட்ரஜன், பின்தொட்டிக்கு ரப்பர் விரிப்பு, கால்மிதி.

நைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பந்தயக் காருக்கும் விமானத்துக்கும் அதில் பயன் உண்டு, ஜல்லியும் பைப்பும் ஏற்றும் டிரக்குக்கு மாதம் ஒருமுறை டயர் அழுத்தம் பார்ப்பது அதைவிடப் பயன். அடிப்பகுதிப் பூச்சுக்கு முன்னால் வாரண்டிப் புத்தகத்தைத் திறங்கள், துருப்பிடித்து ஓட்டை விழுவதற்கு உற்பத்தியாளரே தனி வாரண்டி கொடுத்திருப்பார், வெளியில் அடித்த பூச்சு பற்றி அதே பக்கத்தில் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயிண்ட் பூச்சில் என்ன பொருள், எத்தனை ஆண்டு தாங்கும், யார் உத்தரவாதம் என்று கேட்டதற்கு எழுத்தில் பதில் வரவில்லை. பட்டியலில் அவனுக்கு உண்மையில் தேவைப்பட்டது ரப்பர் விரிப்பு மட்டும்.

டிரக் வாங்குபவர்கள் இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஏற்றக்கூடிய சுமை. மேலே மூடி, பக்கவாட்டுப் படி, இரும்புக் கம்பி, கருவிப்பெட்டி என்று ஷோரூமில் மாட்டிவிடும் ஒவ்வொன்றின் எடையும் அந்தச் சுமையிலிருந்து போகிறது. காசும் கொடுத்து சுமையையும் குறைத்துக்கொள்வதற்கு நல்ல காரணம் இருக்க வேண்டும்.

"ஏற்கெனவே மாட்டியாச்சு சார், கழட்ட முடியாது" என்பது இதற்கு வரும் வழக்கமான பதில். மாட்டச் சொன்னது யார்? வாங்குபவர் கேட்காமல் மாட்டியது டீலரின் வணிக முடிவு. கழற்ற வேண்டாம், விலையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம், அல்லது மாட்டாத வண்டி வேண்டும் என்று சொல்லலாம். நாங்கள் இரண்டையும் சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்துத் தொகுப்பு பாதி விலைக்கு, அதாவது 2.7க்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் பாதியாகக் குறைகிற பொருளின் உண்மையான அடக்கம் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பேச்செல்லாம் 110 தாள் வந்த பிறகு நடந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இப்படித் துண்டு துண்டாக விலை சொல்வது ஏன் பலிக்கிறது என்பதற்கு ஆய்வே இருக்கிறது. விக்கி மோர்விட்ஸ் உள்ளிட்ட சந்தையியல் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், விலையை அடிப்படை விலை, கூடுதல் கட்டணம் என்று பிரித்துக் காட்டினால் மக்கள் மொத்தத்தைக் குறைவாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார்கள். மனது முதல் எண்ணைப் பிடித்துக்கொள்கிறது, பின்னால் வருவதைச் சில்லறையாக எடுத்துக்கொள்கிறது. மைத்துனனுக்கும் அதுதான் நடந்தது: 91 என்று மனதில் பதிந்தவனுக்கு 3.2, 1.1 எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை.

கடன் மேசை

முதல் தாளில் 13.2 ஏறியது. அதைவிடப் பெரிய தொகை கடன் மேசையில் ஏறியது, அதுவும் விலை குறைந்தது போன்ற தோற்றத்துடன்.

அங்கே உட்கார்ந்தவரின் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நொடியில் வண்டி விலை பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. மாதத் தொகையை வைத்துக்கொண்டு விலை, வட்டி, காலம் மூன்றையும் அவர்கள் இஷ்டத்துக்கு நகர்த்தலாம். இவன் ஒரு தொகை சொன்னான். அதற்குள் அடங்கும்படி நீட்டித்த வாரண்டி 3.8, கடன் பாதுகாப்புக் காப்பீடு 2 என்று இரண்டையும் கடனுக்குள்ளேயே சேர்த்து, காலத்தை 84 மாதமாக நீட்டி, 9 சதவீத வட்டியில் ஒரு தாள் அடித்துக் கொடுத்தார்கள். விலை 110 ஆனது அப்போதுதான்.

அன்று இரவு இவன் என்னிடம் சொன்னது, "மாமா, பேங்க்ல சொன்னதைவிட மாசத் தவணை கம்மியாத்தானே வருது?" ஆமாம், கம்மிதான். கணக்கைப் பாருங்கள், இரண்டிலும் முன்பணம் 20.

டீலர் தாள்: விலை 110, கடன் 90, வட்டி 9 சதவீதம், 84 மாதம். தவணை 1.45. முன்பணத்தோடு மொத்தமாகக் கட்டுவது 141.6.

கடைசியில் நாங்கள் முடித்தது: விலை 99.9, கடன் 79.9, வட்டி 7 சதவீதம், 60 மாதம். தவணை 1.58. மொத்தம் 114.9.

மாதத்துக்கு 0.13 குறைவாகக் கட்டுவதற்காக மொத்தத்தில் 26.7 அதிகமாகக் கட்டியிருப்பான். வண்டி விலையில் கால் பங்குக்கும் மேல். இதில் 10.1 விலை வித்தியாசம், மீதி 16.6 வட்டி. அதாவது விளம்பரத்தைப் பார்த்துக் கொதித்தோமே, அதைவிட அதிகப் பணம் இந்த மேசையில்தான் போகவிருந்தது.

"கடன் எங்களிடம் எடுத்தால் 2.5 தள்ளுபடி" என்பதையும் தனியாகச் சோதித்தோம். 80 கடன், 60 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் 7 சதவீதத்துக்கு எடுத்தால் மொத்தம் கட்டுவது 95.05. டீலரிடம் தள்ளுபடி போக 77.5 கடன், 9 சதவீதம் என்றால் 96.53. 2.5 கொடுத்துவிட்டு அதையும் அதற்கு மேல் ஏறக்குறைய ஒன்றரையையும் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கதை வேறு, தள்ளுபடியை வாங்கிக்கொண்டு சில மாதங்களில் வங்கிக் கடனுக்கு மாற்றிவிடலாம். இவனுக்குக் கொடுத்த தாளில் அபராதம் இருந்தது.

டீலருக்கு அதிக வட்டியில் ஏன் அக்கறை என்று கேட்கலாம். பல இடங்களில் கடன் கொடுக்கும் நிறுவனம் டீலருக்கு ஒரு வட்டி சொல்லும், டீலர் அதன் மேல் ஏற்றி வாங்குபவருக்குச் சொல்வார், அந்த வித்தியாசத்தில் அவருக்குப் பங்கு உண்டு. வட்டியை எவ்வளவு ஏற்றுகிறாரோ அவ்வளவு கமிஷன் என்ற ஏற்பாட்டைப் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு 2021 ஜனவரியில் தடை செய்தது. எல்லா நாட்டிலும் அப்படித் தடை இல்லை. ஷோரூமுக்குள் போவதற்கு முன்பே வேறொரு வங்கியிடம் கடன் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தால் இந்த மேசையில் உங்களுக்கு ஒரு அளவுகோல் கிடைக்கும்: அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் எழுந்துவிடலாம்.

என்ன செய்தோம்

இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே டீலரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை என்று பட்டது. இதே வண்டியை விற்கும் மற்ற டீலர்களுக்கும், கூடவே அவருக்கும், ஒரே மின்னஞ்சலை அனுப்பினோம். பெரிய இலக்கியமெல்லாம் இல்லை:

"இந்த வகை, இந்த எஞ்சின், இந்த நிறங்களில் ஒன்று. பழைய வண்டி கொடுக்கவில்லை. முதல் முறை வாங்குகிறேன். கடன் ஒப்புதல் கையில் இருக்கிறது. கூடுதல் பொருள் எதுவும் வேண்டாம். போக்குவரத்து, ஆவணக் கட்டணம், வரி, பதிவு எல்லாம் சேர்த்து நான் வண்டியை எடுத்துச் செல்லும் நாளில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை, ஒவ்வொரு வரியாகப் பிரித்து, கையிருப்பில் உள்ள வண்டியின் சேஸிஸ் எண்ணோடு எழுதி அனுப்புங்கள். மிகக் குறைந்த மொத்தம் கொடுப்பவரிடம் இந்த வாரம் வாங்குகிறேன்."

சேஸிஸ் எண் கேட்பது முக்கியம். எண் இல்லாத கொட்டேஷன் எந்த வண்டிக்கும் உரியது இல்லை. போனால் "அது நேத்து வித்துப்போச்சு, இது இருக்கு, இதுல தொகுப்பு மாட்டியிருக்கு" என்று தொடங்குவார்கள். கூடவே எண் கிடைத்தால் தயாரிப்பு மாதத்தையும் கேட்டு வாங்கலாம், சென்ற ஆண்டுத் தயாரிப்பை இந்த ஆண்டு விலைக்குத் தள்ளுவதும் நடக்கும்.

எழுத்தில் கேட்பதில் இன்னொரு நன்மை உண்டு. இயன் ஐரெஸ், பீட்டர் சீகல்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோ பகுதியில் புதுக் கார் டீலர்களிடம் ஒரே மாதிரி பேசப் பயிற்சி கொடுத்த ஆட்களை அனுப்பிப் பார்த்து 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேச்சு ஒன்றாக இருந்தும் வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடக் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் அதிக விலை சொல்லியிருந்தார்கள். முகத்தையும் உடையையும் பார்த்து விலை சொல்லும் வாய்ப்பை மின்னஞ்சல் கொஞ்சமாவது குறைக்கும்.

பதில்கள் பலவிதம். சிலர் பதிலே போடவில்லை. ஒருவர் மாதத் தவணையை மட்டும் எழுதினார். முதல் டீலர் "நேர்ல வாங்க சார், நல்ல விலை பண்ணித் தரேன்" என்றார், எழுத்தில் தர முடியாதாம், இன்று மட்டும்தான் இந்தச் சலுகையாம். நாளைக்கு ஏன் கிடையாது என்று கேட்டால் மேலாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். ஒரே ஒரு டீலர் கேட்டபடி பிரித்து அனுப்பினார்: வண்டி 96.1, போக்குவரத்து 3.2, ஆவணம் 1.1, மொத்தம் 100.4, தொகுப்பு இல்லை.

அந்த வண்டியின் தயாரிப்பு மாதம் பார்த்தால் கொஞ்சம் பழையது, இதே ஆண்டுதான், ஆனால் பல மாதங்களாக நின்றுகொண்டிருக்கிறது. டீலர்கள் பெரும்பாலும் கையிருப்பைக் கடனில் வாங்கி வைப்பவர்கள், நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வட்டி. அதைச் சொல்லி விலை கேட்டோம். பெரிய வாதம் எதுவும் இல்லை, "இந்த வண்டி விலை 95 என்றால் நாளைக்கே அட்வான்ஸ்" என்று ஒரு வரி. ஒத்துக்கொண்டார். 95, 3.2, 1.1 சேர்ந்து 99.3, ரப்பர் விரிப்பு 0.6, ஆக 99.9. விரிப்பை வெளியில் இன்னும் மலிவாக வாங்கியிருக்கலாம்தான், இவனுக்கு அலைய நேரமில்லை.

அட்வான்ஸ் கட்டும்போது ரசீதில் மூன்று விஷயம் எழுதச் சொன்னோம்: சேஸிஸ் எண், ஒப்புக்கொண்ட மொத்தம், வண்டி எடுக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி. மூன்றாவதற்குக் கொஞ்சம் தயங்கினார்கள், எழுதிக் கொடுத்தார்கள்.

டெலிவரி நாளில் இந்த நல்ல டீலரிடமும் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. இறுதி ஒப்பந்தத்தில் "சர்வீஸ் தொகுப்பு 1.2" என்று ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. இவன் மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தான், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான், எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றே சேர்த்ததா, பழைய படிவத்திலிருந்து ஒட்டிக்கொண்டதா என்று தெரியாது, இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வெற்றுக் கட்டங்கள் உள்ள படிவத்தில் கையெழுத்துப் போடவும் மறுத்துவிட்டான், "நாங்க அப்புறம் நிரப்பிக்கிறோம் சார்" என்ற சமாதானத்தையும் மீறி.

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்

நாட்டுக்கு நாடு ரொம்பவே மாறும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2010 முதல் டீலர் விளம்பரத்தில் விலை போட்டால் அதில் எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும், விற்பனை வரியையும் உரிமக் கட்டணத்தையும் மட்டும் வெளியே வைக்கலாம், அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 48ஆவது பிரிவு, விலையின் ஒரு பகுதியை விளம்பரம் செய்தால் மொத்த விலையையும் ஒரே எண்ணாகக் காட்டச் சொல்கிறது. இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த ஏமாற்று வடிவமைப்புகள் பற்றிய வழிகாட்டுதல்கள், விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதை இணையத் தளங்கள் செய்யக்கூடாத செயல்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன.

அமெரிக்காவில் கதை முன்னும் பின்னுமாக இருக்கிறது. புதுக் காரின் கண்ணாடியில் பட்டியல் விலை, கூடுதல் அம்சங்கள், போக்குவரத்துச் செலவு எல்லாம் போட்ட தாளை ஒட்ட வேண்டும் என்ற சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. பிக்கப்களிலும் அதை ஒட்டுவது வழக்கம். ஆனால் அது உற்பத்தியாளர் சொல்லும் விலை, டீலர் அதற்கு மேல் என்ன சேர்க்கிறார் என்பதை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. அதற்காக, ஏமாற்று வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது: விளம்பரத்தில் முழு விலை, பயனில்லாத கூடுதல்களுக்குக் காசு வாங்கக்கூடாது, வாங்குபவரின் தெளிவான சம்மதம். டீலர் சங்கங்கள் வழக்குப் போட்டன, விதி உருவாக்கிய நடைமுறையில் குறை இருக்கிறது என்று சொல்லி 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்காகக் கமிஷன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று இல்லை, பொதுவான ஏமாற்று வணிகச் சட்டம் எப்போதும் கையில் இருக்கிறது. 2024 டிசம்பரில் இல்லினாய் மாநிலத்தோடு சேர்ந்து ஒரு பெரிய டீலர் குழுமத்தின் மீது போட்ட வழக்கு 2 கோடி டாலருக்குத் தீர்ந்தது. குற்றச்சாட்டு நம் கதை மாதிரியேதான், குறைந்த விலை விளம்பரமும் கேட்காத கூடுதல்களும்.

எந்த நாடாக இருந்தாலும் புகாருக்கு ஆதாரம் வேண்டும், விளம்பரமோ ஒரே இரவில் மாறிவிடும். ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே விளம்பரத்தை, அடியில் உள்ள சாம்பல் எழுத்துகளோடு, தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மைத்துனன் எடுத்து வைத்திருந்தான், அந்தப் படத்தையும் முதல் தாளையும் சேர்த்துப் புகார் அனுப்பியிருக்கிறோம். அதனால் நமக்குப் பணம் எதுவும் வரப்போவதில்லை, நாங்கள்தான் அங்கே வாங்கவே இல்லையே.

டீலர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புது வண்டியின் மேல் அவருக்குக் கிடைக்கும் லாபம் பல நேரங்களில் மெலிசானது, பக்கத்து டீலர் 91 என்று போடும்போது இவர் நேர்மையாக 101 என்று போட்டால் ஃபோன் அடிக்காது. ஒழுங்கான டீலர்களே பல இடங்களில் முழு விலை விளம்பரம் கட்டாயமாக வேண்டும் என்று கேட்பதற்கு இதுதான் காரணம். அப்புறம், தட்டுப்பாடான மாடலுக்குப் பட்டியல் விலைக்கு மேல் கேட்பது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அந்தத் தொகையை முதல் எண்ணிலேயே சேர்த்துச் சொன்னால். பிடித்தால் வாங்கலாம், இல்லையென்றால் காத்திருக்கலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டவர்களுக்கும் கொஞ்சம் இடமிருக்கிறது. வண்டியின் விலையை இனி மாற்ற முடியாது, ஆனால் நீட்டித்த வாரண்டி, கடன் காப்பீடு, சர்வீஸ் தொகுப்பு எல்லாம் தனித்தனி ஒப்பந்தங்கள். அவற்றில் ரத்து செய்யும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், ஆரம்ப நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுத் தொகையும், அதன் பிறகு என்றால் மீதிக் காலத்துக்கு உரியதும் திரும்பத் தருவதாகப் பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். டீலரிடம் வாயால் சொல்லாமல் எழுத்தில் கேளுங்கள், ஒப்பந்தத்தில் பெயருள்ள நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கடனுக்குள் சேர்த்து வாங்கியிருந்தால் திரும்ப வரும் தொகை பெரும்பாலும் கடன் கணக்கில் வரவாகும், தவணை மாறாது, கடன் சீக்கிரம் முடியும். வட்டி அதிகம் என்றால் வேறு வங்கியில் மாற்றுக் கடன் கேட்டுப் பாருங்கள், முன்கூட்டி அடைப்பதற்கான அபராதத்தையும் மிச்சமாகும் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்த்துவிட்டு.